மேருவில் மட்டும் நின்றுபோன கார்

கார்ப் பட்டறையை உங்கள் கையில் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் நீங்கள் எனக்குப் போன் போட்டுச் சந்தேகம் கேட்கிறீர்கள். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாரும் ஒரே மாதிரிதான் கேட்கிறீர்கள். "அண்ணே, ஸ்கேனர்ல இந்த நம்பர் வருது, எத மாத்தணும்?" கார்க்காரர் என்ன சொன்னார் என்று நான் திருப்பிக் கேட்டால், "அவரு என்ன சொல்வாரு அண்ணே, ஸ்டார்ட் எடுக்கலன்னு சொன்னாரு" என்பீர்கள்.

உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. நானும் அப்படித்தான் இருந்தேன். ஸ்கேனர் இல்லாத காலத்திலேயே அப்படி இருந்தேன், அதனால் என் குற்றம் உங்களுடையதைவிடப் பெரியது. அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். சொல்வதற்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தாலும், இந்தத் தொழிலில் நான் நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுகிற நாளும் இதற்குள்தான் இருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பின் சந்தில், மூன்று கார் நெருக்கியடித்து நிற்கும் அளவுக்கு எனக்கொரு பட்டறை. அதற்கு முன் பதினேழு வருடம் கார்புரேட்டர் கார்களிலேயே கை கறுத்தவன். சந்து முனையில் கார் திரும்பும்போதே சத்தத்தை வைத்து இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். தப்பிப்போன இரண்டை நான் வெளியில் சொன்னதில்லை. அந்தச் சமயத்தில்தான் கார்புரேட்டர் இல்லாத கார்கள் வர ஆரம்பித்தன. எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது என்பதை ஒரு கம்ப்யூட்டர் பெட்டி முடிவு செய்யும். அது எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததைக் கற்றுக்கொள்ளவும் இல்லை.

அப்படி ஒரு காரோடு வந்தார் தனலட்சுமி மிஸ்ஸி. தாதிகளை நம் ஊரில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம், உங்களுக்குத் தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளுக்குப் போய்க் கட்டு மாற்றுவது, ஊசி போடுவது என்று திரிந்துகொண்டிருந்தார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீடு, பெட்டாலிங் ஜெயாவில் ஒரு வீடு, கிள்ளானில் இரண்டு, அதையும் தாண்டி மேருவில் ஒன்று. மகன் வாங்கிக் கொடுத்த பழைய ஜப்பான் கார், கையால் கியர் போடுவது.

"காலையில ஒரே சாவியில புடிச்சிக்கும் தம்பி. மொத வீட்டுக்குப் போயி அர மணி நேரம் கழிச்சி வெளிய வந்தா எடுக்காது. ரெண்டு மணி நேரம் ஆன வீட்டுல எடுத்துச்சி. அதான் எனக்குப் புரியல" என்றார்.

இவ்வளவும் சொன்னார். என் காதில் விழுந்தது "எடுக்காது" என்ற ஒரு சொல்தான். மீதியைப் பேச்சுவாக்கில் சொல்வதாக எடுத்துக்கொண்டேன்.

போகும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். "இந்தக் கார நம்பி இனிமே தூரம் போக முடியாது போல. சரியாவலன்னா மேரு வீட்ட விட்டுற வேண்டியதுதான். அங்க ராமையான்னு ஒருத்தரு, லோரி ஓட்டுனவரு. முதுகெலும்பு அடிபட்டு நாலு வருஷமா படுக்கையில. புதனும் சனியும் நான் போயி முதுகுப் புண்ணுக்குக் கட்டு மாத்தணும். நான் போகலன்னா யாரோட லோரியிலயாச்சும் தூக்கிப் போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவாங்க. அப்படிக் குலுக்கிக் கொண்டு போனதுலதான் அந்தப் புண்ணே பெருசாச்சு."

"ஒண்ணும் கவலப்படாதீங்க மிஸ்ஸி. ரெண்டு நாள் குடுங்க" என்றேன்.

பிளக்குகளைக் கழற்றினேன். கரி பிடித்துக் கறுத்திருந்தன. துடைத்துப் போட்டேன். இக்னிஷன் காயிலை மாற்றினேன். பிறகு கேட்காமலே ஒரு உபகாரமும் செய்தேன். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எடுத்துவிட்டேன்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இஞ்சின் சூடாகிற வரைக்கும் ரேடியேட்டர் தண்ணீரை உள்ளே விடாமல் மூடி வைத்திருக்கும் சின்ன வால்வு அது. சூடானதும் தானாகத் திறந்துகொள்ளும். என் முதல் பட்டறை முதலாளி தவுக்கே, நான் பட்டறையில் சேர்ந்த வாரமே அதைக் கழற்றி என் கையில் கொடுத்து, "இது பனி பேயிற நாட்டுக்காரன் வச்சது. நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்கு இது? வீசிடு" என்றார். அவர் மட்டுமல்ல. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரைக்கும் பாதிப் பட்டறைகளில் அதுதான் வழக்கம். எண்ணெய் மாற்ற வந்த காரிலிருந்துகூட அதைக் கழற்றிவிடுவோம். டேஷ்போர்டில் சூட்டு ஊசி கீழே போய் நிற்கும். வாடிக்கையாளருக்கு மனம் குளிர்ந்துபோகும்.

மிஸ்ஸிக்கும் அந்த ஊசியைத் தட்டிக் காட்டினேன். "பாருங்க, எவ்வளவு கீழ நிக்குது. இஞ்சின் இப்ப ஜில்லுன்னு இருக்கு." எதைக் கழற்றினேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

புதன்கிழமை மேருவில் கார் நின்றது. பக்கத்து வீட்டு ஆட்கள் தள்ளிவிட்ட பிறகுதான் கிளம்பியது. நான் பெட்ரோல் பம்பை மாற்றினேன். சனிக்கிழமை பெட்டாலிங் ஜெயாவிலும் நின்றது, மேருவிலும் நின்றது.

திங்கட்கிழமை மிஸ்ஸி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். நோயாளிகள் வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனார், எத்தனை மணிக்கு வெளியே வந்தார் என்று எழுதி வைக்கிற நோட்டு. அதில் காரைப் பற்றியும் எழுதியிருந்தார். வார்டில் பெரிய டாக்டருக்கு ஒப்பிக்கிற மாதிரி நின்றுகொண்டே வாசித்தார். "பத்தே கால் நிப்பாட்டுனேன். பத்தே முக்கால், எடுக்கல. பெட்ரோல் வாசன அடிச்சிச்சி. பதினொண்ணே கால்…"

வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு எரிச்சல். "மிஸ்ஸி, நீங்க ஊசி போடுங்க. கார நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் நோட்டை மூடினார். "ஊசி போடறதுக்கு முன்னால நான் நோயாளிகிட்ட ரெண்டு கேள்வியாச்சும் கேப்பேன் தம்பி. நீ என்னை இன்னும் ஒண்ணுகூட கேக்கலயே" என்றார்.

குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் சுருக்கென்று தைத்தது. ஸ்பேனரைக் கீழே வைத்தேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டு அவரை உட்கார வைத்து, பக்கத்து தே தாரிக் கடையில் தேத்தண்ணி சொல்லிவிட்டு, முதல் முறையாகக் கேட்டேன். காலையில் எப்படி? அரை மணி நேரத்தில் எப்படி? ரொம்ப நேரம் நின்றால்? மழையில்? அவர் நோட்டைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னார்.

இஞ்சின் ஆறியிருந்தால் எடுக்கிறது. சூடாக இருந்தால் எடுக்கவில்லை. பெட்ரோல் வாசனை, கறுத்த பிளக். தேத்தண்ணி பாதி குடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. கார்புரேட்டர் காரில் சோக் இழுத்தபடி சிக்கிக்கொண்டால் இதேதான் நடக்கும். ஆறிய இஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும், சூடான இஞ்சினுக்குக் கொடுத்தால் பிளக் நனைந்துவிடும். இந்தக் காரில் சோக் கிடையாது. கம்ப்யூட்டர்தான் கொடுக்கிறது. அப்படியென்றால் இஞ்சின் சூடாகிவிட்டது என்று அதற்கு யார் சொல்கிறார்கள்?

பானட்டைத் திறந்து அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன். தண்ணீர் ஓடுகிற இடத்தில் திருகு மாதிரி இரண்டு சூட்டுச் சென்சார்கள் அடுத்தடுத்து இருந்தன. ஒற்றை ஒயர் போட்டது டேஷ்போர்டு ஊசிக்கு. இரட்டை ஒயர் போட்டது கம்ப்யூட்டருக்கு. இரண்டுக்கும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தையே கிடையாது. நானோ அத்தனை நாளும் ஊசியைப் பார்த்துவிட்டு, சூட்டைப் பற்றி எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இரட்டை ஒயர் சென்சாரைக் கழற்றினேன். தே தாரிக் கடை பாயிடம் ஒரு குவளை கொதிநீர் வாங்கி, அதில் சென்சாரின் மூக்கை முக்கி, மின்தடை பார்க்கும் மீட்டரை வைத்தேன். சூடு ஏற ஏற மீட்டரில் எண் இறங்க வேண்டும். எவ்வளவு சூட்டுக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டுமே என்று, "மிஸ்ஸி, உங்க தெர்மாமீட்டர கொஞ்சம் குடுங்க" என்று கை நீட்டினேன்.

"பைத்தியமா உனக்கு? நாப்பத்திரெண்டுக்கு மேல போனா அது வெடிச்சிடும். மனுஷனுக்கு வைக்கிறது லா அது!"

கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அந்தக் குவளையில நான் திரும்பத் தண்ணி குடுக்க முடியாதுங்க. நீங்களே வச்சிக்கிங்க" என்றார். அந்தக் குவளை பிறகு பல வருடம் என் பட்டறையில் இருந்தது.

தெர்மாமீட்டர் தேவைப்படவே இல்லை. கொதிநீருக்குள் போட்டும் மீட்டரில் எண் கொஞ்சமும் அசையவில்லை. காலைக் குளிர்ச்சியில் காட்டுகிற எண்ணிலேயே அந்தச் சென்சார் உறைந்துபோயிருந்தது. ஒயர் அறுந்திருந்தால் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து விளக்கைப் போட்டிருக்கும். இது நம்பும்படியான பொய்யைச் சொன்னதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கிள்ளானில் வெட்டிய ஜப்பான் கார்களின் பாகங்கள் விற்கும் இடத்துக்குப் போனேன். மூன்று சென்சார்களை அங்கேயே வெந்நீரில் போட்டுப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாட்டினேன். புது பிளக்கும் போட்டேன். சூடாக இருக்கும்போதே பத்துத் தடவை நிறுத்தி எடுத்தேன். பத்துத் தடவையும் பிடித்துக்கொண்டது. மிஸ்ஸி முகத்தில் அன்று ஒரு சிரிப்பு. நான் தே தாரிக் கடையில் உட்கார்ந்து, இனி கம்ப்யூட்டர் கார் எதையும் என்னிடம் கொண்டுவரலாம் என்று நாலு பேர் காதில் விழும்படி பேசினேன்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லவே வந்திருக்க மாட்டேன்.

பத்து நாள் ஓடியது. பதினோராவது நாள் பட்டறைப் போன் அடித்தது. "தம்பி, மேருவுல நிக்கிறேன்" என்றார் மிஸ்ஸி.

இந்தத் தடவை மற்ற வீடுகளில் கோளாறே இல்லை. மேருவில் மட்டும். கழற்றிப் பார்த்தால் புது பிளக்குகள் மறுபடியும் கறுப்பு. பெட்ரோலும் கண்டபடி குடிக்கிறது என்றார். நான் சென்சாரைச் சந்தேகப்பட்டேன். ஏற்கெனவே ஒரு சென்சார் பொய் சொல்லிப் பிடிபட்டதால் அந்த ஜாதியையே நம்பாத நிலைமைக்கு வந்திருந்தேன். வெந்நீரில் போட்டேன், ஒழுங்காக இறங்கியது. ஒழுங்காக இறங்கியும் நான் நம்பவில்லை. கிள்ளானுக்குப் போய் இன்னொன்று வாங்கி, பிளக்குகளையும் மாற்றினேன். அடுத்த வாரமே மேருவில் நின்றது.

வியாழக்கிழமை மிஸ்ஸி காரைக் கொண்டுவந்து விட்டார். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். களைத்துப்போய் இருந்தார்.

"ராமையாவே வேணாம்னு சொல்லிட்டாரு தம்பி. 'நீங்க என் வீட்டு வாசல்ல சாவியத் திருப்பித் திருப்பிக் கஷ்டப்படுறத படுத்துக்கிட்டே கேட்டுக்கிட்டு இருக்க முடியல மிஸ்ஸி, வராதீங்க'ன்னாரு. இந்தச் சனிக்கிழமதான் கடைசி. அதுக்கப்புறம் லோரியோ என்னமோ, அவங்க பாத்துக்குவாங்க."

அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மனிதரை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அவரை லோரியில் ஏற்றப் போவது நான்தான் என்று தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு, மிஸ்ஸி போகிற வழியிலேயே போனேன். அதுவரைக்கும் எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள். கார் மேருவில் நிற்கிறது, நான் பிரிக்பீல்ட்ஸில் உட்கார்ந்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெடரல் ஹைவேயில் ஜாம் இல்லை. ஒரே சீராக ஓட்டி, கிள்ளானைத் தாண்டி மேரு ரோட்டில் ஓரமாக நிறுத்தினேன். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பானட்டைத் திறந்து சென்சாரில் மீட்டரை வைத்தேன். இஞ்சின் பாதிகூடச் சூடாகவில்லை என்றது மீட்டர்.

"மாட்டினியா!" என்று வாய்விட்டே சொன்னேன். முக்கால் மணி நேரம் ஓடிய இஞ்சின் எப்படிச் சூடாகாமல் இருக்கும்? இந்தச் சென்சாரும் பொய்தான் என்று நினைத்துக்கொண்டே, ஒயரை இழுப்பதற்கு வசதியாக, ரேடியேட்டருக்குப் போகிற மேல் ஹோஸைக் கையால் பிடித்து ஒதுக்கினேன்.

கை அங்கேயே இருந்தது. சுடவில்லை. அப்படி ஓடி வந்த காரில் அந்த ஹோஸைத் தொட்டால் கையை உதறிக்கொண்டு துள்ள வேண்டும். இதுவோ குளிக்கிற வெந்நீர் பதத்தில் இருந்தது.

சென்சார் பொய் சொல்லவில்லை. இஞ்சின் உண்மையிலேயே சூடாகவில்லை. சூடாக விடாமல் செய்தவன் நான். வால்வைக் கழற்றி எறிந்த பிறகு ரேடியேட்டர் தண்ணீர் எந்நேரமும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. பிரிக்பீல்ட்ஸ், பெட்டாலிங் ஜெயா ஜாமில் ஊர்ந்து போகும்போது எப்படியோ கொஞ்சம் சூடேறிவிடும். ஹைவேயில் காற்று அடிக்க அடிக்க ஓடினால் இஞ்சின் ஆறிக்கொண்டே போகும். கம்ப்யூட்டரும் பாவம், குளிர்ந்த இஞ்சின் என்று பெட்ரோலை ஊற்றிக்கொண்டே வரும். பிளக்குகளில் நாளுக்கு நாள் கரி சேர்ந்து, மேரு வந்து சேரும்போது உயிர் போயிருக்கும். கிள்ளான் வரைக்கும் எப்படியோ தாக்குப்பிடித்துவிடும்; எல்லாவற்றுக்கும் கடைசியாக வருகிற வீடு மேருதான்.

என்னை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. கார்புரேட்டர் கார் இதைப் பொறுத்துக்கொள்ளும், பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போகும், யாரும் கவனிக்க மாட்டார்கள். நானும் அத்தனை வருடமாகக் கவனிக்கவில்லை. பட்டறைக்குத் திரும்பி, கழற்றிய தெர்மோஸ்டாட்களைப் போட்டு வைக்கும் பால்மாவு டின்னைக் கவிழ்த்தேன். நாற்பது ஐம்பது இருக்கும். மிஸ்ஸியுடையது எது என்று அடையாளம் தெரியவில்லை. அதில் ஒன்றைக்கூட நான் கார்க்காரரைக் கேட்டு எடுத்ததில்லை.

புதுப் பிளக்குகளும் புது தெர்மோஸ்டாட் ஒன்றும் வாங்கினேன். மாட்டுவதற்கு முன் தெர்மோஸ்டாட்டைக் குவளை வெந்நீரில் போட்டேன். சிறிது நேரத்தில் அதன் நடுவிலிருந்த தட்டு மெதுவாக எழும்பித் திறந்தது. அவ்வளவு வருடத் தொழிலில் அது திறப்பதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். கார் சரியாகிவிட்டது. நான் வாயைத் திறக்காவிட்டால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. சென்சார்தான் மறுபடியும் கோளாறு, இந்தத் தடவை புதுச் சரக்காகவே போட்டுவிட்டேன் என்று ஒரு பொய்யை அழகாகத் தயார் செய்து வைத்திருந்தேன். சனிக்கிழமை காலை மிஸ்ஸி வந்து, "இந்தத் தடவ என்ன தம்பி?" என்று கேட்டார். அந்த நோட்டு அவர் கையில் இருந்தது. தேதி போட்டு, மணி போட்டு எழுதுகிற நோட்டு. அதில் என் பொய்யையும் நம்பி எழுதிக்கொள்வார் என்று நினைத்தபோது வாய் வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன். மொத்தமும். முதல் கோளாறு கார் கொண்டுவந்தது, இரண்டாவது கோளாறு நான் வைத்தது என்றேன்.

அவர், "ஆஸ்பத்திரியில ஒருத்தரு உடம்புலேருந்து ஒண்ண எடுக்கணும்னா கையெழுத்து வாங்குவோம்" என்றார்.

"தப்புதான் மிஸ்ஸி."

"சரி. ஏறு."

"எங்க?"

"அஞ்சு வீடு. அஞ்சு தடவ நிப்பாட்டுவேன், அஞ்சு தடவ எடுப்பேன். நீ என்கூடவே இருக்கணும். சாவியத் தொடக் கூடாது."

நான் சொல்ல வந்ததில் பாடம் என்று ஏதாவது இருந்தால் அது இத்துடன் முடிந்தது. கார்க்காரரைக் கேளுங்கள். கார் எங்கே நிற்கிறதோ அங்கே போய்ப் பாருங்கள். அடுத்தவர் காரிலிருந்து கேட்காமல் எதையும் எடுக்காதீர்கள். ஒரு கோளாறைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் இரண்டாவதைத் தேடாமல் விட்டுவிடாதீர்கள். இனி நான் சொல்வதை எனக்காகத்தான் சொல்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வெளியே காரோடு நின்றேன். பெட்டாலிங் ஜெயாவில் கேட்டுக்கு வெளியே நின்றேன். ஒவ்வொரு தடவையும் மிஸ்ஸி வெளியே வந்து, என்னை ஒரு பார்வை பார்த்து, சாவியைத் திருப்புவார். பிடித்துக்கொள்ளும். ஒரு வார்த்தை பாராட்டு கிடையாது. ஹைவேயில் ஊசி நடுவிலேயே நின்றது. நான் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஊசியவே பாத்துக்கிட்டு வராத தம்பி, எனக்குப் பயமா இருக்கு" என்றார். கிள்ளானில் இரண்டு வீடும் முடிந்தது. பிறகு மேரு.

தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒரு வரிசை வீடு. ராமையாவின் மனைவி கேட்டிலேயே காத்திருந்தார். "தள்ளறதுக்கு ஆளு சொல்லி வச்சிட்டேன் மிஸ்ஸி" என்று பக்கத்து வீட்டு வாசலைக் காட்டினார். அங்கே இரண்டு பேர் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

உள்ளே ஜன்னலோரம் கட்டில். லோரி ஓட்டியவரின் அகலமான தோள்கள் மட்டும் மிச்சமிருந்தன. மிஸ்ஸி என்னைக் காட்டி, "இவருதான் என் காரப் பாக்குற ஃபோர்மேன்" என்றார்.

"ஓ, நீதானா?" என்றார் ராமையா.

அவரை ஒருக்களித்துப் பிடித்துக்கொள்ளும் வேலையை மிஸ்ஸி எனக்குக் கொடுத்தார். கட்டைப் பிரித்தபோது அந்தப் புண்ணைப் பார்த்தேன். அதை லோரியில் குலுக்கிக் கொண்டு போவதை நினைத்து எனக்கு உடம்பு கூசியது. ராமையாவோ என் கையில் சாய்ந்தபடி காரைப் பற்றித்தான் பேசினார்.

"ஸ்டார்ட்டர் நல்லா சுத்தும், புடிக்காது. பெட்ரோல் வாசன இந்த ஜன்னல் வரைக்கும் வரும். 'ஆக்சிலேட்டர முழுசா மிதிங்க மிஸ்ஸி, முழுசா மிதிங்க'ன்னு நான் இங்கேருந்து கத்துவேன். சில நாளு அதுலயே எடுத்துரும். எடுக்கலன்னாதான் தள்ளுறது. என்னா கோளாறு தம்பி?"

அவரிடமும் சொன்னேன். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டேன் என்றதும் அவர் உடம்பு குலுங்கியது. வலிக்கிறதோ என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"என் லோரியிலயும் நான்தான் கழட்டிப் போட்டேன்! எல்லா லோரியிலயும்!"

"அசையாதீங்க ரெண்டு பேரும்" என்று அதட்டினார் மிஸ்ஸி.

வேலை முடிந்தது. மிஸ்ஸி கை கழுவினார், பையை எடுத்தார். அரை மணி நேரம் ஆகியிருந்தது. நானும் எழுந்தேன். "நீ இங்கயே அவருகிட்ட இரு" என்றார். ஏன் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. எனக்குப் புரிந்துதான் இருந்தது. அந்தச் சத்தத்தை அவர் வாரத்துக்கு இரண்டு தடவை எங்கிருந்து கேட்டாரோ, அங்கிருந்தே நானும் கேட்க வேண்டும்.

கார்க் கதவு சாத்துகிற சத்தம் வந்தது. ராமையா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். கத்துவதற்காக நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேரும் எழுந்து காருக்குப் பின்னால் போவது தெரிந்தது.

ஒரே சாவி. இஞ்சின் பிடித்துக்கொண்டு, சீராக ஓட ஆரம்பித்தது.

ராமையா மூச்சை விடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார், எதையாவது விட்டுவிட்டோமோ என்று சோதிப்பவரைப் போல. பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, பிடித்து வைத்திருந்த அத்தனை மூச்சையும் போட்டுக் கத்தினார்.

"மிஸ்ஸி! புதன்கிழம வந்துடுங்க!"

வெளியே ஹாரன் இரண்டு தடவை அடித்தது.